இருதயம்மா பார்த்திராத ஹோட்டல்

சங்குமுனை ஹோட்டலை இழுத்து மூடியபோது வெள்ளைக்காரர்கள் அழுதார்களாம். ஜெர்மனியில் ஒரு கிழவனார் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கிடந்தாராம். எங்கேயோ ஒரு அம்மாள் அந்த ஹோட்டல் மணலைப் போத்தலில் அடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கண்ணீர் விட்டாளாம். அழட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயமொன்றில், ஒற்றையறைக் காம்பராவுக்குள், அந்தச் செய்தி வந்த அன்று இருதயம்மா அழுத அழுகையை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் அந்த ஹோட்டலைக் கண்டவள் இல்லை. கடலையே கண்டவள் இல்லை. பொத்துவிலுக்கு எங்கே பஸ் ஏறுவது என்று கேட்டால்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது.

லயத்துச் சனம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. புருஷன் தேவதாசனுக்கு வேலை போய்விட்டது, அதற்குத்தான் அழுகிறாள் என்று பக்கத்துக் காம்பரா வேலாயி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் வந்து, போனால் போகட்டும் விடு, இனிமேலாவது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழ் இருப்பீர்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலாம் ஆறுதல். அவள் அழுததே அதற்குத்தான்.

தேவதாசன் கல்யாணமான வருஷமே மொனராகலைப் பக்கமாக இறங்கி, கிழக்குக் கடற்கரைக்குப் போனவன். சங்குமுனையில் முதலில் கோப்பை கழுவினான். பிறகு வெங்காயம் உரித்தான், மீன் வெட்டினான், கடைசியில் பெரிய குசினிக்காரனாகவே ஆகிவிட்டான். ஹோட்டல் என்றால் இப்போது கட்டுகிறார்களே, அந்த மாதிரி இல்லை. தென்னோலைக் கூரை, மணல் தரை, எட்டே எட்டு அறை. ராத்திரிக்கு லாந்தர். சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும், கேட்டதெல்லாம் கிடைக்காது. அப்படியும் அலையில் விளையாட வந்த வெள்ளைக்காரப் பொடியன்கள் மறு வருஷம் காதலியோடு வந்தார்கள், பிறகு பெண்டாட்டியோடு வந்தார்கள், பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது, டேவ் எங்கே என்றுதான். தேவதாசன்தான் டேவ். யாருக்குத் தேநீரில் சீனி ஆகாது, யாருக்கு நண்டு தின்றால் உடம்பு தடிக்கும், யாருடைய தாய் போன வருஷம் செத்துப்போனாள், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறியிருக்கிறான். டேவ் மாதிரி மென்மையான மனுஷனைப் பார்த்ததே இல்லை என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இங்கே வீட்டுக்கு அவன் வருஷத்தில் இரண்டு தடவை வருவான். டிசம்பரில் நத்தாருக்கு ஒன்று, ஜூனில் அந்தோனியார் திருநாளுக்கு ஒன்று. வந்த அன்று சோப்புக்கட்டி, பிஸ்கட் டின், வெள்ளைக்காரர் தலை துவட்டி விட்டுப்போன துவாய் எல்லாம் பெட்டியிலிருந்து இறங்கும். லயமே வாசலில் நிற்கும். மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டைக் கழற்றுவான். காரணம் வேண்டியதில்லை. வேண்டுமென்றால் உப்பு இருக்கிறது, கூடிற்று என்றோ குறைந்தது என்றோ சொல்லிக்கொள்ளலாம். லீவு முடிந்து அவன் பஸ் ஏறும்போது இருதயம்மா முக்காட்டை இழுத்து வீங்கின கண்ணை மறைத்துக்கொண்டு, பஸ் மறையும்வரை கையாட்டுவாள். பிரியமுடியாமல் நிற்கிறாள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பஸ் மறைந்துவிட்டதா? அதற்கப்புறம் பார்க்க வேண்டும் அந்தக் காம்பராவை. மலையிலிருந்து இறங்கி, காலில் அட்டை கடித்த இடத்தைக் கழுவிக்கொண்டு இருதயம்மா அடுப்பு மூட்டுவாள். மகள் நிலக்ஷனா ரொட்டி தட்டுவாள். கட்டச் சம்பலை அம்மியிலேயே வழித்துத் தின்றுவிட்டு, றேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு, தாயும் மகளும் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பார்கள். வேலாயி சுவரில் தட்டி, என்ன சங்கதி, எனக்கும் சொல்லுங்களேன் என்பாள். உப்பு கூடினால் தண்ணீர் குடிப்பார்கள், அவ்வளவுதான். சுவரில் சங்குமுனை ஹோட்டலின் பழைய கலண்டர் ஒன்று தொங்கியது. ஓலைக் கூரையும் அதற்குப் பின்னால் நீலமாக ஒரு கோடும். இருதயம்மா முந்தானையால் அதைத் துடைத்து, "நல்லாருடி தாயே" என்று அந்த ஹோட்டலை வாழ்த்துவாள். நெஞ்சார வாழ்த்துவாள். அவள் புருஷனைப் பத்து மாதத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்கிற புண்ணியவதியாயிற்றே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது அவளே போட்டுக்கொண்ட சிக்கல். கல்யாணமான புதிதில், அவன் கடற்கரைக்குப் போய்விட்ட ஏக்கத்தில், றோட்டு முடக்கில் இருக்கும் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அவள் நேர்ந்துவிட்டாள். என் புருஷனை நிரந்தரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும், செவ்வாய்க்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பேக்கரிப் பாண் கொடுக்கிறேன், காரியம் கைகூடினால் லயத்துக்கே சோறு போடுகிறேன் என்று. முதல் நத்தாருக்கே அவளுக்குப் புத்தி வந்துவிட்டது. ஆனால் நேர்த்தியை எப்படித் திருப்பி வாங்குவது? அந்தோனியாரிடம் போய், சொன்னது வாபஸ் என்று யார் சொல்வது? பாணை நிறுத்தினால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். ஆகவே கை பாணைக் கொடுத்துக்கொண்டே இருந்தது, மனசு மட்டும், ஐயா சாமி, அதைச் செய்துவிடாதேயும், அவர் அங்கேயே நன்றாக இருக்கட்டும் என்று மன்றாடிக்கொண்டே இருந்தது. நிலக்ஷனா பிறந்து வளர்ந்து பெரிய பெண்ணாகிறவரை இப்படியே போயிற்று. அந்தோனியாரும் பாவம் என்ன செய்வார், பாணைப் பார்ப்பாரா, மனசைப் பார்ப்பாரா?

ஹோட்டலின் கிழட்டு முதலாளி கண்ணை மூடினார். பிள்ளைகள் கொழும்புக் கொம்பனிக்கு விற்றார்கள். கொம்பனி ஓலையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கண்ணாடியால் கட்டியது. கடலுக்குப் பக்கத்தில் குளிப்பதற்குத் தண்ணீர்த் தொட்டி வேறு கட்டினார்களாம், அவர்களுடைய புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல. நரைத்த குசினிக்காரன் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தேவதாசன் தகரப் பெட்டியோடு லயத்துக்கு வந்து சேர்ந்தான். உன் நேர்த்தி பலித்துவிட்டது என்று சனம் இருதயம்மாவை வாழ்த்தியது.

சாயந்தரமானால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சங்குமுனைக் கதை சொல்வான். கதை சொல்வதில் அவனை அடிக்க ஆளில்லை. நிலா வெளிச்சத்தில் ஆமை முட்டையிட வந்தது, சுனாமியன்று வெள்ளைக்காரிச்சி ஒருத்தியைத் தென்னை மரத்தில் ஏற்றிக் காப்பாற்றியது, கிழட்டு முதலாளி சாகும்போது இவன் கையைப் பிடித்துக்கொண்டது. சொல்லும்போது குரல் கம்மும், கண் கலங்கும். கேட்கிறவர்களுக்கும் கலங்கும். தோட்டத்தில் தேயிலையைத் தவிர வேறொன்றையும் பார்க்காத ஆம்பிளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பிறகு எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்துவான். அந்த ஹோட்டல் போன ஆத்திரத்தை எவன் மேல் காட்ட முடியும்? கொழும்புக் கொம்பனி மேலா?

உள்ளே ஹோட்டல் சட்டம் நடந்தது. கோப்பையின் காது வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தண்ணீர்க் கிளாஸ் தட்டைத் தொடக் கூடாது. தட்டின் விளிம்பில் விரல் அடையாளம் படக் கூடாது. ஒரு நாள் பட்டுவிட்டது. கொழுந்துச் சாயம் ஏறிய விரல் அவளுடையது. எந்தத் தோட்டக்காட்டுப் பெண்ணுக்குத்தான் அது போகும்? எந்த விரல் என்று கேட்டான். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவனே கையை இழுத்துச் சுட்டுவிரலைத் தேர்ந்தெடுத்து, அம்மியில் வைத்து, குழவியைத் தூக்கி இறக்கினான். வெளியே அவன் கதையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் வீடுபோய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். அவள் போட்ட அலறல் அடுத்த லயம்வரை கேட்டது. ஒருவரும் வரவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம் அல்லவா.

விரல் கோணலாகப் பொருந்திவிட்டது. கொழுந்து பறிக்கிறவளுக்குச் சுட்டுவிரல் போனால் பாதி உயிர் போன மாதிரி. நிறுவையில் கொழுந்து குறைந்து, அரைப் பேர் போட்டார்கள். முழு நாள் மலையில் நின்றாலும் அரைநாள் கணக்குதான். வேலாயி பேசாமல் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். நடுச்சுவர் அரைச்செங்கல் கனம்கூட இல்லை, வேலாயிக்குக் கேட்காதது ஒன்றுமில்லை.

நிலக்ஷனா ஒரு தடவை குறுக்கே விழுந்தாள். அவன் கையிலிருந்த கொதிக்கிற கேத்தல் அவள் தோளில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டுக்கு வரவில்லை, பதுளையில் ஷஹீலா என்ற ஒரு அம்மாளின் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தாய் பதுளைக்குப் போய்க் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

"அவரு இருக்கிற வீட்டுல நா கால் வைக்க மாட்டேம்மா" என்றாள் மகள். "நீ இங்க வந்துரு. இல்லாட்டி ஒரு நாளு ஒன்னயத் தூக்கிட்டுப் போகத்தான் நா அங்க வருவேன்."

"காம்பரா எம் பேருல இருக்கு, புள்ள. எங்கம்மா பேருல இருந்து எம் பேருக்கு வந்தது. நா மலைக்குப் போகாட்டி அதுவும் போயிரும். நா எதுக்குப் போகணும்?"

"அப்ப அவரப் போகச் சொல்லு."

சொல்வது லேசு. தோட்டத் தலைவரிடம் முறையிட்டாள். தலைவர் வந்தார். தேவதாசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுக்கச் சொல்லி, ஆமைக் கதையைச் சொன்னான். தலைவர் தேத்தண்ணியைக் குடித்து, கதையைக் கேட்டு, இருதயம்மாவைப் பார்த்து, தங்கமான மனுஷன், கொஞ்சம் அனுசரித்துப் போ தாயே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு விழுந்த அடியில் அவளுக்கு ஒரு காது மந்தமாயிற்று.

இவ்வளவுக்கும் அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தது ஒரே ஒரு எண்ணம்தான். சில பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, சில பேருக்குக் கண் தெரியாது. இந்த மனுஷனுக்குப் பதமாக நடக்கத் தெரியாது, அந்தக் கையைப் படைத்ததே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் ஆத்திரம் வராது. ஆத்திரம் வராவிட்டால் மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கலாம்.

அவன் வந்து ஒரு வருஷமாகி, ஜூன் மாதக் காற்று தொடங்கியிருந்தது. கூரைத் தகரம் பறக்காமலிருக்கக் கல்லைத் தூக்கி வைக்கிற காலம். அப்போதுதான் ஹஸீபிடமிருந்து போன் வந்தது. ஹஸீப் பொத்துவில்காரர், சங்குமுனையில் வேன் ஓட்டியவர். ஜெர்மன் கிழவனாரும் அவர் மனைவி ஹெல்காவும் வந்திருக்கிறார்களாம். இருபது வருஷமாக வந்துபோன ஜோடி. ஹோட்டல் நின்ற இடத்தைப் பார்த்து அந்த அம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டாளாம். டேவின் வீட்டையாவது பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்களாம். தேவதாசன் போனைக் காதில் வைத்தபடியே தேம்பினான். திருநாள் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான். இருதயம்மாவின் நேர்த்திச் சோற்றையும் அன்றைக்கே வைத்துக்கொள்வோம், லயமெல்லாம் கூடியிருப்பதை அவர்கள் பார்க்கட்டும் என்று அவனே நாள் குறித்தான். இத்தனை வருஷம் எனக்காகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் நேர்ந்திருக்கிறாளே என்று நாலு பேருக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கண்ணைத் துடைக்கிறதைப் பார்த்து வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞாயிறு வந்தது. கைக்குழந்தைகளை விட்டுப்போகிற புள்ள மடுவத்து மேசையையும் நாற்காலிகளையும் தேவதாசன் தூக்கிவந்து வாசலில் போட்டான். மேசைக்கு விரிப்பு வேண்டும். இருதயம்மாவிடம் கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலை ஒன்று இருந்தது, நிலக்ஷனா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. கேட்கக்கூட இல்லை, எடுத்துக் கிழித்தான். பாதி விரிப்பாயிற்று, மீதி கை துடைக்கிற துண்டுகளாயிற்று. ஒரு துண்டை மடித்துத் தன் முழங்கையில் போட்டுக்கொண்டான். கல்லடுப்பு மூன்று மூட்டினான். மஞ்சள் சோறு, கோழி, கத்தரிக்காய் மோஜு. ஹஸீப் ஐஸ் பெட்டியில் கொண்டுவரும் பாரை மீனுக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து வைத்தான். அந்த வாசனைக்கு லயத்து நாய்களெல்லாம் வந்து படுத்துக்கொண்டன. அவன் சமைக்கிற அழகை, சும்மா சொல்லக் கூடாது, நின்று பார்க்கலாம்.

வேன் வந்தது. ஹெல்கா அம்மாள் இறங்கி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிழவனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அழுதார். மேசையில் அவர்களை உட்கார வைத்தான். லயத்துச் சனம் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்தது. இருதயம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். அவன் வேலை செய்வதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாளுக்கு நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து, அவள் உட்காரும்போது அதே அளவுக்கு உள்ளே தள்ளினான். காற்று அடிக்கிறது என்று அவள் சொல்லாமலே கண்டுபிடித்துத் அவளுடைய சால்வையைத் தோளில் போட்டான். கிழவனாருக்குக் கை நடுங்கியது. அவருடைய தட்டை வாங்கி, மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சோற்றோடு பிசைந்து, கரண்டியை அவர் கைக்குள் வைத்து விரல்களைத் தானே மூடிவிட்டான். அந்த அம்மாள் கை தட்டிக் கிளாஸ் சரிந்தது. தண்ணீர் முழுவதும் அவன் காற்சட்டையில். அவன் சிரித்தான். அது என் பிழை என்று சொல்லித் துடைத்தான். அவ்வளவு மெதுவாகத் துடைத்தான்.

இருதயம்மா கதவு நிலையை விட்டு நிமிர்ந்தாள். தெரியும். இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். கையை எப்படி வைப்பது, விரலை எப்படித் தொடுவது, கொட்டினால் என்ன சொல்வது, எல்லாமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறான். இத்தனை காலம் குருடனுக்கு இரங்குகிற மாதிரி இரங்கினாளே, அந்த இரக்கம் அத்தனையும் வீணாகப் போயிற்றே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் ஒடிந்த அன்றுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

ஹெல்கா அம்மாள் அவளைக் கண்டு, வா வா என்று கை நீட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தேவதாசன் வேறு வழியில்லாமல் அவளுக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டான். சிரித்த முகம் மாறவில்லை. அந்த அம்மாள் இருதயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஹஸீப் மீனை விழுங்கிவிட்டுத் தமிழில் சொன்னார்.

"அக்கா, இவங்க சொல்றாங்க, ஹோட்டல் போனது இவங்களுக்கு வீடு போன மாதிரியாம். ஒங்கட மாப்புள போல ஒரு ஆளக் கண்டதில்லயாம். வீட்டுல அவரு எப்புடின்டு கேக்காங்க."

இருதயம்மா தன் கையைப் பார்த்தாள். அந்த அம்மாளின் வெள்ளைக் கைக்குள் அவளுடைய கோணல் விரல் துருத்திக்கொண்டு நின்றது.

"இந்த வெரலு எப்புடி ஒடிஞ்சிச்சின்னு அவருக்கிட்டயே கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஹஸீப் தட்டைத் தள்ளி வைத்தார். விரலைப் பார்த்தார், தேவதாசனைப் பார்த்தார். சாக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று அந்த அம்மாள் ஹஸீபின் தோளைத் தட்டினாள். தேவதாசன் மீன் கறிச் சட்டியையும் அகப்பையையும் ஏந்திக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான். இருதயம்மாவுக்குப் பரிமாறுகிறவன் போலக் குனிந்தான். முகத்தில் அதே சிரிப்பு.

"இவங்க போகட்டும்டி" என்றான், அவளுடைய நல்ல காதுக்குள். "மத்த ஒம்பதையும் ஒடிக்கிறேன்."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"போனப்பறம் எதுக்கு? இப்பயே ஒடிங்க. கையப் புடிச்சிட்டிருக்காங்கல்ல, அவங்களும் பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

அடி விழுந்ததை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு பழகின கை. இரும்பகப்பை அவள் வாயில் பட்டது. அவள் மேசைமேல் விழுந்தாள், தட்டுகள் சிதறின, கறி பறந்தது. உதடு கிழிந்து இரத்தம் மேசையில் விரித்த அவளுடைய சொந்தச் சேலையிலேயே கொட்டியது. ஹெல்கா அம்மாள் கூச்சலிட்டாள். அந்தக் கூச்சல்தான் அவனை உலுக்கியது. அகப்பையைக் கீழே வைத்தான். கைத்துண்டை எடுத்துக்கொண்டு பாய்ந்து போனான். இருதயம்மாவிடம் இல்லை. அந்த அம்மாளின் பாவாடையில் தெறித்த குழம்பை முழங்காலில் நின்று துடைத்தான்.

"சொறி மேடம்" என்றான். "வெரி வெரி சொறி, மேடம்."

அந்த அம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். ஹோட்டல் அவளுக்கு அன்றைக்கு இரண்டாம் தரமாகப் போயிற்று என்று ஹஸீப் பிறகு சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும்.

இருதயம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியிலிருந்து அதை உதைத்தாள். பெட்டி உருண்டு வாய் பிளந்து, சட்டைகளும் சங்குகளும் பழைய கலண்டர்களும் முற்றத்துப் புழுதியில் பரவின.

"இது எம் பேருல உள்ள காம்பரா" என்றாள். "போங்க."

அவன் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவினான். ஹஸீப் பிடிப்பதற்குள் அதை வீசி அவள் தோளில் இறக்கிவிட்டான். சட்டை கருகி, மாமிசம் பொசுங்கியது. மறுபடி ஓங்கினான். ஓங்கின கையை வேலாயி பிடித்தாள்.

ஒரு வருஷமாகச் சுவரோடு சுவராக இருந்து கேட்டவள் அவள். சோற்றுக் கையோடு பிடித்தாள். அவன் அவளை உதைத்துத் தள்ளினான். அதோடு தீர்ந்தது. சாக்குகளில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கிற கைகளைச் சாதாரணக் கைகள் என்று நினைக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை நிற்காமல் ஒடித்துப் பழகியவை. ஒருத்தி தலைமயிரைப் பிடித்தாள், ஒருத்தி கட்டையைப் பறித்தாள், ஒருத்தி கோழிச் சட்டி மூடியால் முகத்தில் போட்டாள். ஆமைக் கதை கேட்ட ஆம்பிளைகள் எழும்பினார்கள், பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டார்கள். வேலாயி அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அறைந்தாள். அறைந்துகொண்டே அழுதாள். கேட்டுக்கிட்டே கெடந்தேனே, கேட்டுக்கிட்டே கெடந்தேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அறைந்தாள். அவனுடைய வலது கையை யாரோ அம்மிக்கு இழுத்தார்கள்.

"விடுங்க" என்று இருதயம்மா கத்தினாள். "போதும் மதினி, விடுங்க. கைய ஒடிச்சிறாதீங்க. ஒடிச்சா இங்கதான் கெடப்பாரு. அப்பறம் நாந்தான் ஊட்டணும்."

விட்டார்கள். அவன் மூக்கு உடைந்து, சட்டை கிழிந்து, தரையில் உட்கார்ந்திருந்தான். இருதயம்மா ஹஸீபிடம் போனாள். தோளில் கருகிய சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவர ஏத்திட்டுப் போங்க, தம்பி."

"எங்கக்கா கொண்டுபோற?" என்றார் ஹஸீப். "ஹோட்டல்தான் இல்லயே."

"ஹோட்டல் இல்லாட்டி கடல் இருக்குல்ல?"

ஹஸீப் குனிந்து சட்டைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் திணித்தார். கிழவனாரை ஏற்றினார். தேவதாசன் தானாகவே எழுந்து நடந்தான். வேனருகே போனதும் பழக்கதோஷம், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் ஏறட்டும் என்று குனிந்து நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் மறுபக்கக் கதவால் ஏறினாள். அவன் பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டான். வேன் மலையை இறங்கிப் போயிற்று. இருதயம்மா இந்தத் தடவை கையாட்டவில்லை.

யாரோ டிஸ்பென்சரிக்காரரைக் கூட்டிவர ஓடினார்கள். யாரோ தோளில் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா என்று வேலாயி கேட்டாள். நானே பேசுகிறேன், கொஞ்சம் பொறு, எனக்கு முதலில் பசிக்கிறது என்றாள் இருதயம்மா. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வேலாயி சிதறாத சட்டியிலிருந்து மஞ்சள் சோறும் மீன் துண்டும் போட்டுக் கொண்டுவந்தாள். இருதயம்மா படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்தனை வருஷக் கல்யாணத்தில் அவன் அவளுக்காக ஒரு வாய்ச் சோறு வடித்ததில்லை, ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததில்லை. அவன் கைச் சமையல் எப்படி இருக்கும் என்று உலகத்தின் பாதி வெள்ளைக்காரர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கோணல் விரலோடு பிசைந்து, கிழிந்த உதட்டுக்குள் மெதுவாக வைத்தாள். உறைப்புப் பட்டு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கினாள். இன்னொரு வாய் வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்கு" என்றாள் வேலாயியிடம். "பாவி, நல்லாத்தான் ஆக்கியிருக்கான்."